ஐந்து மதிப்பெண் மகள்

ஒபதியா கிரேஞ்சர் என்கிற அமெரிக்கக் கவிஞர், தான் செத்து நூற்று நாற்பத்தைந்து வருஷம் கழித்து, ஒரு கார்த்திகை மாத வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணி பஸ்ஸில் எங்கள் சின்னவூரணிக்கு வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்துக் கைகூப்பி, "நான் எளிமையாக வாழ்ந்தேன், இயற்கையை மிகவும் நேசித்தேன்" என்று சொன்னபோது, அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த பதினோரு பேரில் ஒருவருக்குக்கூட அவர் யார் என்கிற சந்தேகம் வரவில்லை. டீ மாஸ்டர்கூட பாய்லரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பறவைகளிடம் அன்பு செலுத்தினார்" என்று அடுத்த வரியைத் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டு, சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார்.

எங்களுக்கு அவரைத் தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாடப்புத்தகம் எத்தனையோ தடவை மாறியும், அதில் அவர் எழுதிய 'நீலக் கையுறை' என்கிற பன்னிரண்டு வரிக் கவிதையை மட்டும் எடுக்க எல்லாரும் மறந்துபோய், அது இருபத்தொன்பது வருஷமாக அங்கேயே கிடந்தது. கடற்கரையில் ஒரு சின்ன நீலக் கையுறை ஒற்றையாகக் கிடக்கிறது, கவிஞர் அதை எடுத்து உதறி வீட்டுக்குக் கொண்டுபோய் ஜன்னலில் வைக்கிறார், அவ்வளவுதான் கவிதை. யாருடைய கையுறை, ஏன் ஜன்னலில் வைத்தார் என்பதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் கிடையாது; கவிஞரைப் பற்றியும் 'அமெரிக்கர், 1811 முதல் 1879' என்பதற்குமேல் ஒரு சொல் கிடையாது. ஆனால் பரீட்சையில் மட்டும் 'கவிஞரைப் பற்றி ஒரு பத்தி எழுதுக' என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். அந்தப் பத்தியைத் தந்தது எங்கள் ஊர்.

எங்கள் ஊரில் அச்சாகிற மயில்தோகை கைடுதான் சுற்றுப்பட்டு ஏழெட்டு ஜில்லாவுக்கும் போகும். அதன் அட்டையில் 'பேராசிரியர் வே. பெருமாள்' என்று இருக்கும். பேராசிரியர் என்பது மரியாதைக்குப் போட்டது, மனுஷர் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியதில்லை. முழுப்பெயர் வேலாயுதப்பெருமாள். இங்கிலீஷ், அறிவியல், குடிமையியல் எல்லாவற்றுக்கும் ஒரே பேனாவால் கைடு எழுதுவார். அவர் 1995-இல், அச்சு இயந்திரம் சும்மா நிற்கிறதே என்று அச்சக முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், இரண்டு டீக்கு நடுவில், ஒபதியா கிரேஞ்சரின் வாழ்க்கையைத் தன் தலைக்குள்ளிருந்தே எழுதி முடித்தார். எளிய குடும்பத்தில் பிறந்தார், இயற்கையை நேசித்தார், பறவைகளிடம் அன்பு செலுத்தினார், நாள்தோறும் ஐந்து மைல் நடந்தார், நெஞ்சு நோயால் அவதியுற்றார், அவருடைய ஒரே மகள் மார்கரெட் ஏழு வயதில் கடலில் மூழ்கி இறந்தாள், அவள் நினைவாக எழுதியதே இக்கவிதை. இங்கிலீஷில் ஒரு பத்தி, அதற்குக் கீழே தமிழில் ஒரு பத்தி, ஓரத்தில் மூன்று நட்சத்திரம்.

அந்தப் பத்தியை மனப்பாடம் செய்யாமல் எங்கள் பக்கத்தில் ஒருவரும் பதினாறு வயதைத் தாண்டியதில்லை. எனக்கு அந்தக் கேள்விக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் எதற்குக் குறைந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. ஒரு தடவை பட்டாசுக் கம்பெனி பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் சலூன் செண்பகராஜிடம் வழி கேட்க, அவர் தனக்குத் தெரிந்த ஒரே முழு இங்கிலீஷ் வாக்கியத்தை, 'ஹிஸ் ஒன்லி டாட்டர் மார்கரெட் வாஸ் டிரவுன்ட் இன் த சீ' என்று, கிழக்கே கையைக் காட்டியபடி சொல்லப்போக, அந்த மனுஷர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனார். எங்கள் ஊர் இங்கிலீஷ் மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர் அந்தக் கைடில் இருக்கிற கிரேஞ்சர். அதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் அவர் முகம் தனுஷ்கோடி அண்ணாச்சியின் மாமனார் அய்யாக்குட்டியின் முகமாக இருந்தது. 1995-இல் கவிஞரின் படம் கிடைக்காமல் திண்டாடியபோது, அச்சகத்தில் அய்யாக்குட்டியின் கருமாதிப் பத்திரிகைக்குச் செய்த படம் சும்மா கிடந்தது. ஸ்டுடியோவில் இரவல் கோட்டுப் போட்டு எடுத்த படம். அதற்கு அச்சுக் கோக்கிறவர் மையால் தாடி வரைந்துவிட்டார், ஆள் அமெரிக்கர் ஆகிவிட்டார். அதனால் கவிஞரின் தாடி மயிர் மயிராக இல்லாமல் கோடு கோடாக இருந்தது, மழையில் நனைந்தால் லேசாகக் கலங்கவும் செய்தது. அவரைக் கூட்டிக்கொண்டு கூட்டம் அச்சகத்துக்குப் போனபோது, அதை ஒட்டிய வீட்டு வாசலில் மல்லி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சியின் சம்சாரம் சொர்ணத்தாய் நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த முறத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "வாங்கப்பா, சாப்பிட்டீகளா" என்று கேட்டுவிட்டு, இலை போட உள்ளே போனார்.

அன்றைக்கு அவருக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தார்கள், அய்யாக்குட்டிக்கு அது என்றால் உயிர். ஆனால் பறவைகளிடம் அன்பு செலுத்தியவர் என்று கைடில் இருந்ததால் கவிஞரின் கை இலைக்குப் போகவே இல்லை. வாசம் மட்டும் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார். கைடில் இருந்ததை மீற அவரால் ஆகவில்லை. காலையில் ஐந்து மைல் நடந்தே தீரவேண்டும். அரைமைல் குறைந்தாலும் கால் தானாகத் திரும்பி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடும். முதல் வாரம் தனியாக நடந்தார், மறுவாரம் ஊரிலிருந்த சுகர்க்காரர்கள் முப்பது பேர் பின்னால் சேர்ந்துகொண்டார்கள், தலைக்குமேல் காக்காயும் மைனாவுமாக ஒரு கூட்டம் கூடவே பறந்ததால் நடக்கிறவர்கள் எல்லாரும் வெயில் இல்லாத நாளிலும் குடை பிடிக்கவேண்டியிருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா அவர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்று சொன்னார். அவர் பணிவாக, குறிப்பில் இருக்கிறது அம்மா என்று சொல்லி, நாலு தடவை இருமிக் காட்டினார்.

பேச்சும் கைடுப் பேச்சுதான். டீ கொடுத்தால், "தாங்கள் தேநீர் அளித்தமைக்கு மூன்று காரணங்களால் நன்றி கூறுகிறேன்" என்று ஆரம்பித்து மூன்றையும் சொல்லி முடித்த பிறகுதான் கிளாஸைத் தொடுவார். முதலில் டீக்கடைக்காரர் நெளிந்தார், பிறகு பழகிப்போய், அவர் இரண்டாவது காரணத்தில் இருக்கும்போது டீயை ஆற்ற ஆரம்பித்தார். ஆதார் அட்டைக்கு எழுதிக் கொடுக்கும்போது பிறந்த வருஷம் 1811 என்று போட்டால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை, பெரியவருக்கு வயசு தெரியாது போல என்று 1951 போட்டுவிட்டார்கள். தகப்பனார் பெயர் என்கிற இடத்தில் 'எளிய குடும்பம்' என்று அவரே எழுதினார். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள், இரண்டு கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுத்தார். ஒரு மாதம் ஆவதற்குள், அவர் வராமல் ஒரு நல்லது கெட்டது நடக்காது என்கிற நிலைமை வந்துவிட்டது.

ஊரில் ஒரே ஒரு ஆள் மட்டும் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தார். வேலாயுதப்பெருமாள் வாசல் கதவைப் பூட்டிவிட்டு அடுக்களைப் பக்கமாக வந்து போய்க்கொண்டிருந்தார், கவிஞர் கூட்டம் தெருவில் நடந்தால் குடைகளைப் பார்த்தே சந்துக்குள் நுழைந்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கவிஞர் தனியாக, தலைக்குமேல் ஒரே ஒரு மைனாவோடு, அடுக்களைப் பக்கமாகவே வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். வேலாயுதப்பெருமாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், எழுந்திருக்க வழியில்லை.

"ஐயா, தங்களிடம் ஒன்று கேட்க வந்தேன். காரணங்கள் இல்லை. ஒன்றுதான்" என்றார் கவிஞர். "என் மகளை ஏன் கொன்றீர்கள்?"

வேலாயுதப்பெருமாள் தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். அவருக்கு வயது எழுபத்திரண்டு, பொய் சொல்லிப் பழகியவர்தான், ஆனால் அன்றைக்கு வரவில்லை.

"நான் யோசிச்சுப் பாத்தேங்கய்யா. சின்னக் கையுறைன்னா அதைப் போட ஒரு பிள்ளை இருக்கணும்ல. கரையில ஒத்தையாக் கிடந்தா, அந்தப் பிள்ளை இல்லாம இருக்கணும்ல. அவ்வளவுதான் என் புத்தி. எழுதிட்டேன். எழுதிட்டு அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கலய்யா, அது சத்தியம்."

கவிஞர், ஒவ்வொரு வருஷமும் பரீட்சை நாளில் தனக்கு நடப்பதைச் சொன்னார். பரீட்சை மணி அடித்த ஒரு மணி நேரத்தில் அவள் மூழ்க ஆரம்பிக்கிறாள். ஓர் இடத்தில் அல்ல, எண்பதாயிரம் இடங்களில், எண்பதாயிரம் கையெழுத்தில், சிலர் வேகமாகவும் சிலர் அடித்து எழுதியும். மூழ்கி முடித்ததும் யாரோ சிவப்பு மையால் சரி போடுகிறார்கள். இருபத்தொன்பது வருஷமாக இதுதான். இந்தத் தடவையும் பரீட்சைக்கு நாலு மாதம்தான் இருக்கிறது, அதற்குமுன் ஏதாவது செய்யமுடியுமா என்று கேட்கத்தான் பஸ் ஏறி வந்தேன் என்றார்.

வேலாயுதப்பெருமாளுக்கு ஒரு வழி தோன்றியது. உண்மையான ஒபதியா கிரேஞ்சரின் மகள் என்ன ஆனாள் என்று விசாரித்து, அவள் நல்லபடியாக வாழ்ந்திருந்தால் அதையே கைடில் போட்டுவிடலாம். தனுஷ்கோடி அண்ணாச்சியின் மகள் இன்பவள்ளி, அந்த வருஷம் பத்தாம் வகுப்பு எழுதவிருந்தவள், மாநிலத்தில் முதலாவதாக வருவாள் என்று மொத்த ஊரும் நம்பிக்கொண்டிருந்தவள், கவிஞர் பிறந்த ஊரின் நூலகத்துக்கு மெயில் அனுப்பினாள். நாலு நாளில் ரொம்பச் சந்தோஷமாக ஒரு பதில் வந்தது. கிரேஞ்சரைப் பற்றி எழுபது வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறீர்கள் என்று ஆரம்பித்தது அது. ஒரு காலத்தில் அவர் பெயரைச் சொன்னால் மண்டபம் நிரம்புமாம், தெருவில் போனால் பெண்கள் ஜன்னலைத் திறப்பார்களாம். இப்போது ஒரு சந்துக்கு அவர் பெயர் இருக்கிறது, அவர் உட்கார்ந்த நாற்காலி ஒன்று நூலக மாடியில் இருக்கிறது, அதிலும் யாரும் உட்காரக் கூடாது என்று போட்டதிலிருந்து மாடிக்கே யாரும் போவதில்லை. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கையுறைக் கடை வைத்திருந்தார். அந்தக் கவிதை, கடைக்கு வந்த சரக்கில் ஒரு கையுறை தொலைந்துபோன எரிச்சலில், விளம்பர அட்டைக்காக எழுதியது.

இன்பவள்ளி இதைப் படித்துக் காட்டியபோது அச்சகத்தில் எல்லாரும் இருந்தார்கள். யாரும் கவிஞரைப் பார்க்கவில்லை. அண்ணாச்சி மெதுவாக, "அப்ப பிள்ளையே இல்லையே. விட்டுற வேண்டியதுதான்" என்றார்.

"அங்கே இல்லை" என்றார் கவிஞர். "இங்கேதான் இருந்தாள். ஒரு வரியில் இருந்தாள். அந்த வரியிலேயே இறந்தும் போனாள். எனக்கு வேறு மகள் கிடையாது."

வேலாயுதப்பெருமாள் அன்றே பேனாவை எடுத்தார். ஆனால் அந்த வருஷக் கைடு அச்சாகி, கட்டு கட்டாகக் கடைகளுக்குப் போய்விட்டிருந்தது. இனி ஒட்டுத்தாள்தான் அடிக்கமுடியும், 'பக்கம் 47, வரி 9, இவ்வாறு திருத்திப் படிக்கவும்' என்று ஒரு துண்டுச் சீட்டு. தனுஷ்கோடி அண்ணாச்சி முடியாது என்று சொல்லிவிட்டார். விடைத்தாள் திருத்துகிற வாத்தியார்களே மயில்தோகையில் படித்து வந்தவர்கள்தான், அவர்கள் மனசில் அந்தப் பிள்ளை செத்துப்போனவள். உயிரோடு எழுதினால் ஐந்தும் போய்விடும். எண்பதாயிரம் பிள்ளைகளுக்கு ஐந்து ஐந்தாகப் போனால் கைடு பெயரும் போகும், அதைவிட, தன் மகளின் முதலிடமும் போகும். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

சொர்ணத்தாய் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அச்சகத்துக்குள் வந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அந்தப் படி ஏறியதில்லை.

"ஏங்க, எங்கப்பா உசுரோட இருந்த வரைக்கும் யாருகிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல. சீக்குல கிடக்கும்போதுகூட தண்ணி கேக்கல. இப்பத்தான் மொத மொத வாயத் திறந்து கேக்காக. மிஷினைப் போடுங்க" என்றார்.

அண்ணாச்சி மகளைப் பார்த்தார். இன்பவள்ளி ஒட்டுத்தாளுக்கு எத்தனை எழுத்து வரும் என்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடியது.

'மகள் மார்கரெட் ஏழு வயதில் கடலில் தவறி விழுந்தாள்; மீனவர்கள் அவளைக் காப்பாற்றிக் கரை சேர்த்தனர்.' இதுதான் ஒட்டுத்தாள். அதை எங்கள் ஊரே உட்கார்ந்து வெட்டியது, பசை காய்ச்சியது, பஸ்ஸுக்கு பஸ் கட்டிக் கொடுத்து அனுப்பியது. இருந்தும் கவிஞரின் இருமல் நிற்கவில்லை, அவர் கண் பஸ் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம்தான் எங்களுக்கு விஷயம் உறைத்தது. கைடில் ஒட்டியாயிற்று, எங்கள் தலைக்குள் ஒட்டவில்லை. பதினாறிலிருந்து நாற்பத்தைந்து வரைக்கும் அத்தனை பேர் மண்டையிலும் அந்தப் பிள்ளை இன்னும் கடலுக்கடியில்தான் கிடந்தாள்.

ஆகவே மார்கழி பிறந்ததும் கல்யாண மண்டபத்தில் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தது. அடகுக்கடைக்காரர், மின்வாரிய லைன்மேன், பேரன் எடுத்த பெண்கள், ஒன்பது தடவை எழுதியும் தேறாத எங்கள் வார்டு கவுன்சிலர் என்று எல்லாரும் சம்மணம் போட்டு உட்கார, வேலாயுதப்பெருமாள் பிரம்போடு நடந்துகொண்டே புதிய பத்தியைச் சொல்லவைத்தார். பதினைந்து வயதில் ஏறிய ஒன்றை இறக்குவது எத்தனை கஷ்டம் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. 'தவறி விழுந்தாள்' வரைக்கும் நன்றாகப் போகும், அதற்குப்பின் வாய் தானாக வழுக்கி மூழ்கிவிடும். செண்பகராஜ் ஒருத்தருக்குச் சவரம் செய்யும்போது புதிய வரியைச் சொல்லிப் பார்த்து, பழைய வரி வந்துவிட்ட கோபத்தில் பாதி மீசையை எடுத்துவிட்டார். அந்த ஆளும் மறுபாதியையும் எடுக்கச் சொல்லிவிட்டு, மீனவர்கள் காப்பாற்றினர், மீனவர்கள் காப்பாற்றினர் என்று முணுமுணுத்தபடி எழுந்து போனார். நடக்கப் போகிற சுகர்க்காரர்கள் ஐந்து மைலுக்கும் அதையே கோஷம் போட்டார்கள். எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நூறு கிலோமீட்டருக்குமேல் தூரம், எங்களில் பாதிப் பேர் மீனவரைக் கண்ணால் கண்டதில்லை; ஆனாலும் மாசி முடிவதற்குள், மீன் விற்க வருகிற பெண்ணைப் பார்த்தாலே எழுந்து கும்பிடுகிற அளவுக்கு எங்களுக்கு மரியாதை வந்துவிட்டது.

இங்கிலீஷ் பரீட்சை அன்று பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுக்கு வெளியே ஊரே நின்றது. கவிஞர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார், சொர்ணத்தாய் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். கேள்வி வந்திருந்தது, நாற்பத்தொன்றாவது கேள்வி, ஐந்து மதிப்பெண். உள்ளே நடந்ததை இன்பவள்ளி பிறகு சொன்னாள். ஒன்பதாவது வரி வந்ததும் பேனா தன்பாட்டுக்குப் பழைய வரிக்கு ஓடியதாம், அவள் அதை அடித்துவிட்டு இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாளாம், முதலிடம் ஒரு தடவை கண்ணுக்குள் வந்து போனதாம், பிறகு மீனவர்களை எழுதினாளாம். தலையைத் தூக்கிப் பார்த்தபோது முன் பெஞ்சிலும் பக்கத்து பெஞ்சிலும் எல்லாரும் ஒரு கையை மறு கையால் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்களாம்.

பரீட்சை ஒன்றேகாலுக்கு முடிந்தது, கவிஞரைக் கூட்டிக்கொண்டு ஊரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. ஒன்று நாற்பது பஸ் பத்து நிமிஷம் தாமதமாக வந்தது, படிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் முதலில் இறங்கி, உள்ளே கை நீட்டி ஒரு பிள்ளையை இறக்கிவிட்டார். ஏழு வயது இருக்கும், தலைமுடியிலிருந்து பாதம் வரைக்கும் நனைந்திருந்தாள். வலது கையில் நீலக் கையுறை, அவள் முழங்கை வரைக்கும் தொங்கியது. அது கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் போடுகிற கையுறை. 1995-இல் கவிதைக்குப் படம் போட அச்சகத்தில் வேறு கையுறைப் படம் இல்லை, விளையாட்டுச் சாமான் கடைக் காலண்டருக்குச் செய்த அதைத்தான் போட்டிருந்தார்கள். எங்கள் யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

பிள்ளை நடு பஸ் ஸ்டாண்டில் நின்று, "நான் மார்கரெட். ஏழு வயது. ஒரே மகள்" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும், அவளைப் பற்றி அவ்வளவுதான் எழுதியிருந்தது.

கவிஞர் ஓடினார். நடந்தார் என்றுதான் கைடில் இருக்கிறது, ஓடினார் என்று எங்கேயும் கிடையாது, ஆனால் அந்த மனுஷர் வேட்டி தடுக்க, காக்காய் எல்லாம் சிதற, பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கே ஓடினார். ஓடிப்போய் அவள்முன் மண்டிபோட்டு உட்கார்ந்தார். முதலாவதாக, இரண்டாவதாக என்று ஆரம்பிப்பார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"எங்கம்மா போன, இத்தனை நாளா?" என்றார்.

வேலாயுதப்பெருமாள் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். நாங்களும் அழுதோம், வெட்கப்பட என்ன இருக்கிறது.

மே மாதம் ரிசல்ட் வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இங்கிலீஷில் சரியாக ஐந்து குறைந்திருந்தது. இன்பவள்ளி மூன்று மதிப்பெண்ணில் முதலிடத்தை விட்டாள். அண்ணாச்சி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, மூன்றாம் நாள் காலையில் மார்கரெட் அந்தக் கையுறையைக் கழற்றாமலே இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் முக்கிச் சட்டை பூராவும் ஆக்கிக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு வையுங்க என்று உள்ளே பார்த்துச் சொன்னார். கவிஞருக்கு இருமல் போய்விட்டது. கோழிக் குழம்பும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். காக்காய்கள் முதலில் முறைத்துப் பார்த்தன, பிறகு எலும்புக்காக வந்துகொண்டிருந்தன.

ஜூனில் புதிய பாடப்புத்தகம் வந்தபோது கவிதையைக் காணவில்லை. தலைப்பு இருந்தது, கீழே பெயர் இருந்தது, நடுவில் பன்னிரண்டு வரி அளவுக்கு வெள்ளையாகக் கிடந்தது. பழைய புத்தகங்களை எடுத்துப் பார்த்தோம், அவற்றிலும் அப்படியே. கையுறை அவள் கையில் இருக்கும்போது கரையில் எப்படிக் கிடக்கும், கிடக்காததை அவர் எப்படி எடுப்பார். அமெரிக்காவிலிருந்து நூலகத்துக்காரர் மெயில் அனுப்பியிருந்தார்: சந்தின் பெயர்ப்பலகையில் பெயரைக் காணோம், மாடியில் இருந்த நாற்காலியில் இப்போது பிள்ளைகள் ஏறிக் குதிக்கிறார்கள், யாருடைய நாற்காலி என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, உங்களுக்குத் தெரியுமா என்று. இன்பவள்ளி கவிஞரிடம் படித்துக் காட்டினாள். அவர் மார்கரெட்டுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார், ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டு, நாற்காலி ஆடும், பிள்ளைகளைப் பார்த்து ஏறச்சொல் என்று மட்டும் எழுதச் சொன்னார்.

பக்கம் வெள்ளையாக இருந்தாலும் பாடம் பாடம்தான், அதற்கும் கைடு வந்தாகவேண்டும். அச்சு இயந்திரம் சும்மா நிற்கிறதே என்று அண்ணாச்சி வாசலில் நின்று கத்த, வேலாயுதப்பெருமாள் இரண்டு டீக்கு நடுவில் எழுதி முடித்தார். இந்த வருஷக் கைடில் பக்கம் நாற்பத்தேழைத் திறந்தால் தாடி இல்லாமல் அய்யாக்குட்டியின் படம் இருக்கும், ஓரத்தில் மூன்று நட்சத்திரம் இருக்கும். கீழே இப்படி இருக்கும்:

'ஆசிரியர் குறிப்பு: இவருக்கு ஒரு மகள். நன்றாக இருக்கிறாள். இதற்கு மதிப்பெண் கிடையாது. மனப்பாடம் செய்க.'